வாலுக்குள் கிடைத்தவை

செங்காட்டூரில் தொலைந்த சாமான்கள் எல்லாம் மியூசியத்துப் பழைய விமானத்தின் வாலுக்குள்ளிருந்து கிடைக்கத் தொடங்கிய வருஷம், மழை வழக்கம்போலத் தாமதமாகவே வந்தது, மின்சாரம் வழக்கம்போல மத்தியானம் இரண்டு மணிக்குப் போனது, விசைத்தறிகள் வழக்கம்போலத் தடதடத்தன, ஊரில் யாரும் அதற்காகத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. அந்த வருஷத்தைப் பற்றி இன்றைக்குக் கேட்டாலும் ஊர்க்காரர்கள் பஸ் ஸ்டாண்டை இடம் மாற்றிய கதையைத்தான் முதலில் சொல்வார்கள்.

ஊருக்கு மேற்கே, ஏரியைத் தாண்டி, ஒரு காலத்தில் விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுத்த பறக்கும் கழகம் ஒன்று இருந்தது. கழகம் மூடிப் பல வருஷம் கழித்து அதன் தகரக் கொட்டகையையும், உள்ளே புறாக்கள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த இரட்டைச் சிறகு விமானம் ஒன்றையும் சேர்த்து மியூசியம் ஆக்கலாம் என்று முடிவானபோது, பொறுப்புக்கு வந்த பர்வீன் என்ற அதிகாரி வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினாள்: கைவேலை தெரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வரலாம், சம்பளம் கிடையாது, டீ உண்டு. பதினான்கு பேர் வந்தார்கள். லேத் பட்டறைக்காரர்கள் வந்தார்கள், தச்சர் வந்தார், தார்ப்பாய்க் கடையில் கூடாரம் தைக்கும் தெய்வாத்தாள் தன் ஊசிகளோடு வந்தாள், பழைய கழகத்திலேயே வேலை பார்த்த இரண்டு பேரும் வந்தார்கள். ஒருவர் மெக்கானிக் அவிநாசியப்பன், இன்னொருவர் விமானம் ஓட்டிய கேப்டன் ஜெபநேசன். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது.

“என்னப்பா அவிநாசி, முடியெல்லாம் போச்சே” என்றார் கேப்டன்.

“உங்களுக்கு மட்டும் இருக்குதுங்களாக்கும்” என்றார் அவிநாசியப்பன். முப்பத்துநாலு வருஷம் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து டீ குடித்தார்கள். அவிநாசியப்பன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அடுத்த ஞாயிறு வராமல் இருந்துவிடலாம் என்று நினைத்தார், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேப்டன் யோசிப்பாரே என்று வந்தார், அப்படியே ஒவ்வொரு ஞாயிறும் வந்தார்.

ஏனென்றால் நடந்தது இது. கழகக் கொட்டகைச் சுவரில் ஒரு டூல் போர்டு இருந்தது. ஒவ்வொரு கருவியின் உருவமும் அதில் சிவப்புப் பெயின்டால் வரையப்பட்டிருக்கும், சாயங்காலம் ஒவ்வொரு கருவியும் தன் தன் சிவப்பை மறைத்துத் தொங்கவேண்டும், எங்காவது சிவப்பு தெரிந்தால் அந்தக் கருவி ஏதோ ஒரு விமானத்துக்குள் கிடக்கிறது என்று அர்த்தம். அது கிடைக்கும்வரை விமானம் கிளம்பக் கூடாது, யாரும் வீட்டுக்குப் போகவும் கூடாது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரை இஞ்ச் ரிங் ஸ்பேனரின் சிவப்பு தெரிந்தது. அன்றைக்கு விமானத்தின் வாலுக்குள் வேலை செய்தவர் அவிநாசியப்பன். ஒரு மணி நேரம் தேடினார். மறுநாள் காலையில் மகளுக்குக் குலதெய்வக் கோவிலில் காதுகுத்து, சொந்தபந்தம் எல்லாம் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவருக்காக ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் ஹார்டுவேர் கடைக்குப் போய் அதே அளவில் ஒரு ஸ்பேனர் வாங்கினார், தன் கருவிகளில் எல்லாம் இருக்கும் தன் நம்பரான பதினேழை அதில் கீறினார், போர்டில் மாட்டினார், எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வேனில் ஏறினார்.

மறுநாள் காலை அந்த விமானத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு போன கேப்டன் ஜெபநேசன் இறங்கும்போது மூக்கைத் தூக்குவதற்காக, வாலோடு கேபிளால் இணைந்த ஸ்டிக் என்ற பிடியை இழுத்தார், ஸ்டிக் வரவில்லை, விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு ஏரியில் விழுந்தது, வால் தனியாக முறிந்து சேற்றுக்குள் போனது, பிறகு கிடைக்கவே இல்லை. கழுத்தெலும்பு முறிந்ததோடு கேப்டன் பிழைத்தார். ஸ்டிக் சிக்கிவிட்டது என்றுதான் சொன்னார். விசாரிக்க வந்தவர்கள் ஏரியைப் பார்த்தார்கள், சிவப்பே தெரியாத போர்டைப் பார்த்தார்கள், கையெழுத்தைப் பார்த்தார்கள், பயத்தில் இவர் ஸ்டிக்கை இழுக்காமலே இருந்துவிட்டார் என்று எழுதிவிட்டுப் போனார்கள். கேப்டனின் லைசென்ஸ் போனது. அவர் ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் புக்கிங் பார்த்துக் காலத்தை ஓட்டினார். அதற்குப் பிறகு ஸ்கூட்டரைக்கூட அவர் தொட்டதில்லை. பேரன் பிறந்தபோது மருமகள் குழந்தையை நீட்டினாள், அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கட்டிலில் கிடத்தும்மா, பார்க்கிறேன் என்றார். ஊரில் அவருக்கு ஏரி கேப்டன் என்று பெயர். சொல்லுபவர்களுக்கு அதில் ஒன்றும் கெட்ட எண்ணம் கிடையாது, ஜெபநேசன் என்று ஊரில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள், அடையாளத்துக்காகச் சொன்னார்கள்.

அவிநாசியப்பன் சொல்லிவிடத்தான் இருந்தார். அம்மா செத்துப்போகட்டும் என்று இருந்தார், பிறகு மகளுக்குக் கல்யாணம் ஆகட்டும் என்று இருந்தார், பிறகு இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்தார். அவருக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. ஊர் என்ன சொன்னாலும் கேப்டனுக்குத் தான் ஸ்டிக்கை இழுத்தது தெரியும், அவர் மனசு சுத்தமாக இருக்கும், ராத்திரி நிம்மதியாகத் தூங்குவார். இதைத் தினமும் ஒரு தடவை தனக்குத் தானே சொல்லிக்கொள்வார்.

மியூசியத்தில் இருந்தது வேறு விமானம். விழுந்ததில் மிஞ்சியதை அப்போதே உடைத்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். இதன் வாலில் உளுத்துப்போயிருந்த பழைய துணியைத் தெய்வாத்தாள் கிழித்து எடுத்தபோது உள்ளே ஒரு கரண்டி கிடந்தது. போன தைப்பொங்கலுக்குத் தொலைந்துபோன அவளுடைய சொந்தக் கரண்டி, காம்பில் அவள் மாமியார் பெயர் வெட்டியிருந்தது. “அட, இங்கியா கெடந்த நீ” என்று அதைக் கழுவி டிபன் பையில் போட்டுக்கொண்டு மறுபடி துணியைக் கிழித்தாள். அடுத்த வாரம் தச்சரின் மூக்குக் கண்ணாடி வந்தது. அதற்கடுத்த வாரம் டீக்கடைக்காரர் வாலருகே நின்று வீட்டுச் சாவியைக் காணோம் என்று புலம்பியபோது, தெய்வாத்தாள் உள்ளே கையை விட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, இனி டம்ளரைக் கழுவிக் கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

ஒரு மாதத்துக்குள் ஊர் இதைப் பழகிக்கொண்டது. ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை தொலைந்த பொருள் வழங்கப்படும் என்று பர்வீன் பலகை வைத்தாள், டோக்கன் போட்டாள், பெயர், தெரு, பொருள் என்று மூன்று கட்டம் போட்டு நோட்டு ஒன்று திறந்தாள். தொலைத்தவர் வாலின் முன்னால் நின்று என்ன தொலைந்தது என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும், தெய்வாத்தாள் கையை விட்டு எடுத்துக் கொடுப்பாள். ஒற்றைக் கொலுசு வந்தது, பல்செட் வந்தது, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வந்தது, இட்லிச் சட்டியின் மூடி வந்தது. வேண்டாம் என்று தூக்கி எறிந்தவை வரவில்லை, தொலையாத சங்கிலியைத் தொலைந்தது என்று சொன்ன ஒருவனுக்கு ஒரு கைப்பிடி மரத்தூள் வந்தது. உயிருள்ளவையும் வரவில்லை. ஆட்டைக் கேட்டவருக்கு அதன் கழுத்து மணி வந்தது. வீட்டை விட்டு ஓடிப்போன தம்பியைக் கேட்டவளுக்கு அவன் அன்றைக்குப் போட்டுக்கொண்டு போன செருப்பு மட்டும் வந்தது, அவள் அதை முந்தானையால் துடைத்து எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்து போனாள்.

ஊரில் யாரும் இப்போது பீரோவுக்கு அடியில் குனிந்து பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை வாலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள், இதனால் முதுகுவலி குறைந்தது என்று டாக்டரே சொன்னதாகப் பேச்சு. ஒருவர் வாலுக்கு முன் தேங்காய் உடைத்தார், தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும் என்று பர்வீன் அவரை வெளியே உடைக்கச் சொன்னாள். பகுத்தறிவு வாசகர் வட்டத்திலிருந்து ஐந்து பேர் வந்து டார்ச் அடித்து வாலை முழுக்கச் சோதித்தார்கள், செயலாளர் போகிற போக்கில் தன் குடையைக் கேட்டு வாங்கிக்கொண்டார், விசாரணை தொடர்கிறது என்று அறிக்கை எழுதினார்கள். வேலை செய்கிறவர்களுக்குத்தான் தொந்தரவு. சிறகுக்குத் துணி இழுத்துக் கட்டும்போது, டோக்கன் நாற்பது எப்போது வரும் என்று யாராவது வந்து தோளைத் தட்டுவார்கள்.

அவிநாசியப்பன் மட்டும் வால் பக்கம் போகவே மாட்டார். நான் எஞ்சின் ஆளுங்க, வால் நமக்குத் தெரியாதுங்க என்று மூக்குப் பக்கமே நின்றுகொள்வார். வாயைத் திறக்காவிட்டாலும் மனசில் நினைத்தாலே வந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். தெய்வாத்தாளின் கை உள்ளே போய் இரும்பு எதையாவது தொட்டு டங்கென்று சத்தம் வந்தால் அவர் கைவேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு தேதி இருந்தது. வேலை முடிந்ததும் வாலின் அடியில் இருந்த அந்தக் கடைசித் திறப்பையும் துணி வைத்துத் தைத்து, மேலே டோப் என்ற நெடியடிக்கும் சாயத்தைப் பூசி மூடிவிடுவார்கள். அதோடு கொடுப்பதும் நின்றுவிடும் என்று ஊருக்கும் தெரியும், தொலைந்தால் இனிப் பழையபடி குனிந்து தேடிக்கொள்ளவேண்டியதுதான் என்று ஒத்துக்கொண்டிருந்தார்கள். அவிநாசியப்பன் அந்த ஞாயிற்றுக்கிழமையைக் காலண்டரில் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று மத்தியானம் ஒரு மணிக்குப் பிறகு தனக்கு விடுதலை என்று நினைத்தார்.

அந்த ஞாயிறும் வந்தது. வரிசை ஏரிக்கரைவரை நின்றது. கேபிள்கள் எல்லாம் மாட்டி முடித்து, வாலைச் சுற்றித் துணி இழுத்துத் தைத்து, ஒரு கை நுழையும் அளவு திறப்பு மட்டும் விட்டு வைத்திருந்தாள் தெய்வாத்தாள். பன்னிரண்டரை மணிக்கு, கையில் டோக்கன் அறுபத்து மூன்றோடு, முறத்தைத் தொலைத்த ஒரு பெண்ணுக்குப் பின்னால் கேப்டன் ஜெபநேசன் நின்றுகொண்டிருந்தார்.

“சார், நீங்க எதுக்கு வரிசையில? நேரா வந்திருக்கலாமே” என்றாள் பர்வீன்.

“டோக்கன் வாங்கிட்டேன்மா.”

“சரி, சொல்லுங்க. என்ன பொருள்?”

கேப்டன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “அதைத்தாம்மா எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அன்னிக்கு நான் ஸ்டிக்கை இழுத்தேன். மொதல்ல நல்லா ஞாபகம் இருந்துச்சு. அப்புறம் ஆளாளுக்கு இழுக்கல இழுக்கலன்னு சொல்லிச் சொல்லி, இப்போ கண்ணை மூடினா என் கை ரெண்டும் சும்மா மடியில கெடக்குற மாதிரிதான் தெரியுது. இழுத்தேனா, பயந்து உக்காந்திருந்தேனா, எனக்கே தெரியலம்மா. அந்த ஞாபகம் எங்கயோ தொலைஞ்சு போச்சு.”

பர்வீனின் பேனா மூன்றாவது கட்டத்தில் நின்றது. “பொருளா இருந்தாத்தான் சார் எழுத முடியும்” என்றாள். சொல்லும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“கைன்னு எழுதிக்கோம்மா.”

அவள் கை என்று எழுதினாள். தெய்வாத்தாள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள், இரண்டு தடவை துழாவினாள், மரத்தூள்கூட வரவில்லை. “ஒண்ணும் தட்டுப்படலீங்களே, கேப்டன்.”

“பரவால்லம்மா. கேட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்” என்று டோக்கனை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சிறகின் விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப் போய்விட்டார்.

எஞ்சினுக்கு அடியில் படுத்திருந்த அவிநாசியப்பனுக்கு எல்லாம் கேட்டது. இத்தனை வருஷமாக அவர் தினமும் சொல்லிக்கொண்ட ஆறுதல் பொய்யாகிவிட்டது. கேப்டனுக்கே தெரியவில்லை. அவருடைய வேலையைத்தான் கெடுத்தோம் என்று நினைத்திருந்தார், அந்த மனுஷனிடமிருந்து அவர் கையையே பிடுங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது இப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. முகத்தில் சொட்டிய எண்ணெயைத் துடைக்காமல் அப்படியே படுத்திருந்தார்.

ஒரு மணிக்கு வரிசை முடிந்தது. வாங்கியவர்களும் வாங்காதவர்களும் கடைசித் தையலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வாசலில் நின்றார்கள். இந்தக் கொட்டகையிலும் டூல் போர்டு உண்டு, கேப்டன் சொல்லித்தான் மாட்டியிருந்தார்கள். கருவிகள் எல்லாம் அதில் போய்ச் சேர்ந்தன, எங்கேயும் சிவப்பு தெரியவில்லை. மூடுவதற்கு முன் பதினான்கு பேரும் தனித்தனியாகச் சரி என்று சொல்லவேண்டும். பதின்மூன்று பேர் சொன்னார்கள்.

“தைக்க வேண்டாமுங்க” என்றார் அவிநாசியப்பன். “ஒரு டூல் உள்ளயே இருக்குதுங்க.”

பர்வீன் திரும்பிப் பார்த்தாள். “போர்டு ஃபுல்லா இருக்கே?”

“அன்னிக்கும் போர்டு ஃபுல்லாத்தானுங்க இருந்துச்சு.”

அவர் முதல் தடவையாக வாலை நோக்கி நடந்தார். மற்றவர்கள் நிற்கும் இடத்தில் போய் நின்றார், கையைக் கட்டிக்கொண்டார், எல்லோரும் சொல்வதுபோலவே வாய்விட்டுச் சொன்னார்: “அரை இஞ்ச் ரிங் ஸ்பேனருங்க. நெம்பர் பதினேழு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேப்டனோட ஏரோப்ளேன் வாலுக்குள்ள வெச்சு மறந்துட்டனுங்க. தேடுனேன், கெடைக்கல. கடையில வேறொண்ணு வாங்கி, நெம்பரைக் கீறி, போர்டுல மாட்டிக் கையெழுத்துப் போட்டுட்டனுங்க. புள்ளைக்குக் காதுகுத்து இருந்துச்சு. போயிட்டனுங்க.”

பிறகு அவரே கையை உள்ளே விட்டார். அதிகம் துழாவ வேண்டியிருக்கவில்லை. ஸ்பேனர் ஏரிச்சேறு சொட்டச் சொட்ட வந்தது, அதன் வளையத்துக்குள் ஒரு சின்ன நத்தை உயிரோடு ஒட்டியிருந்தது. உயிருள்ளது எதுவும் வராது என்று எழுதி வைத்த பர்வீன் அதைப் பார்த்துவிட்டு, நோட்டைத் திருத்தலாமா என்று ஒரு கணம் யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள். வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள், பதினேழேதான் என்று ஒருவர் படித்துச் சொன்னார்.

கேப்டன் ஸ்பேனரைப் பார்க்கவில்லை. உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு அவிநாசியப்பனையே பார்த்தார்.

“அப்போ சிக்குச்சு” என்றார்.

“சிக்குச்சுங்க, கேப்டன்.”

“நான் இழுத்தேன்.”

“இழுத்தீங்க. இது கேபிளுக்குக் குறுக்க விழுந்து கெடந்துச்சு, எப்படி வரும்?”

“இன்னொரு தடவை சொல்லு.”

சொன்னார்.

“வெளிய நிக்கறவங்களுக்குக் கேக்கணும். சத்தமாச் சொல்லு.”

மூன்றாவது தடவை சொல்லும்போது அவிநாசியப்பனின் குரல் உடைந்துபோனது, ஆனாலும் கடைசி வார்த்தைவரை சொன்னார். யாரும் அவரைத் தேற்றவில்லை. கேப்டன் தன் இரண்டு கைகளையும் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முப்பத்துநாலு வருஷம்டா” என்றார். கழகத்தில் இருந்த காலத்தில்கூட அவர் யாரையும் டா போட்டதில்லை. மன்னித்தேன் என்றோ மன்னிக்கமாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை, அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

அவர் விமானத்தின் பக்கவாட்டுக்கு நடந்தார். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட அதற்குள் ஏறாதவர் சிறகில் கால் வைத்து ஏறினார், தச்சர் ஓடிப்போய் ஸ்டூல் வைத்ததைக் காலாலேயே தள்ளிவிட்டார், உள்ளே இறங்கி உட்கார்ந்தார். விமானம் கிளம்புமுன் ஒரு முறை உண்டு. உள்ளே இருப்பவர் ஸ்டிக்கை இழுப்பார், வாலில் உள்ள பலகை மேலே எழும்புகிறதா என்று பின்னால் ஒருவர் நின்று பார்த்துச் சொல்லவேண்டும், முன்னால் தள்ளினால் கீழே இறங்குகிறதா என்று சொல்லவேண்டும். உள்ளே இருப்பவருக்கு வால் தெரியாது, சொல்பவரின் குரலை நம்பித்தான் அவர் கிளம்பவேண்டும். அந்தச் சனிக்கிழமை காலை வாலில் நின்றிருக்கவேண்டியவர் காதுகுத்துப் பந்தலில் இருந்தார்.

“வால்ல யாரு?” என்று உள்ளேயிருந்து கேப்டன் கேட்டார்.

அவிநாசியப்பன் ஸ்பேனரைத் தரையில் வைத்தார், சேற்றுக் கையை வேட்டியில் துடைத்தார், வாலுக்குப் பின்னால் போய் நின்றார்.

“நான்தானுங்க.”

“பார்த்துச் சொல்லு.”

கேபிள் முனகியது. பலகை எழும்பியது. “மேல வருதுங்க, கேப்டன்.”

“இப்போ?”

“கீழ போகுதுங்க.”

இரண்டு தடவை பார்த்தால் போதும் என்பது முறை. கேப்டன் மூன்றாவது தடவை இழுத்தார், நான்காவது தடவை இழுத்தார், பத்தாவது தடவையும் இழுத்தார். இரண்டு மணிக்குக் கரண்ட் போய் மின்விசிறிகள் நின்றன, வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தரையில் உட்கார்ந்தார்கள். தெய்வாத்தாள் நூல் கோத்த ஊசியோடு காத்துக்கொண்டு நின்றாள்.

“இப்போ?”

“வருதுங்க, கேப்டன்.”

“நல்லாப் பார்த்துச் சொல்லு. நான் இழுக்குறேனா?”

“இழுக்கறீங்க, கேப்டன். வருதுங்க.”